சேற்றுப் பூதத்துக்குள் இருப்பது யார்? திகில் காமிக்ஸின் ஒரு பாத்திர வகை: எளிய அறிமுகம்

ஒரு மனிதன் சதுப்பு நிலத்தில் சாகிறான். உடலைத் தேடி யாரும் வரவில்லை. சேறும் வேரும் பாசியும் அதைச் சுற்றி வளர்கின்றன. ஒருநாள் அந்தக் குவியல் எழுந்து நடக்கிறது. அமெரிக்கத் திகில் காமிக்ஸில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கும் 'சேற்றுப் பூதம்' என்ற பாத்திர வகையின் அடிப்படை இவ்வளவுதான். பெரிய நிறுவனங்களின் இரண்டு பூதங்களைப் பற்றித்தான் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் காமிக்ஸில் இந்த வகையைத் தொடங்கிவைத்தது இன்று பெயர் மறந்துபோன ஒரு பதிப்பகம். கைக்காசு போட்டு இதழ் அச்சடிக்கும் சுயாதீனப் படைப்பாளிகளுக்கும் இது நன்றாகப் பொருந்துகிற வகை. ஏன் பொருந்துகிறது, எப்படி எழுதி வரைவது, எங்கே சொதப்பும் என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் எது சேற்றுப் பூதம் இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. 1954இல் வந்த ஹாலிவுட் படத்தில் செவுள்களோடு நீந்துகிற உயிரினம் இந்த வகையில் சேராது. அது எப்போதும் மனிதனாக இருந்ததில்லை, தண்ணீரில் வாழும் ஒரு விலங்கினம். சோம்பியும் இதில் சேராது. அது செத்த உடல் அப்படியே நடப்பது. பேய்க்கு உடலே கிடையாது. சேற்றுப் பூதத்தில் மட்டும்தான் ஒரு மனித உடலின் இடத்தைத் தாவரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: உள்ளே இருப்பது யார்? செத்தவனேவா, அவனுடைய நினைவைச் சுமக்கும் செடியா, யாருமே இல்லையா? பூதத்தின் கண், பேச்சு, நடை, கதைப்போக்கு எல்லாமே இந்தக் கேள்விக்கு நீங்கள் தரும் பதிலிலிருந்துதான் கிளைக்கும். புதிதாக வரைபவர்கள் கொடியையும் பாசியையும் முதலில் வரைந்துவிட்டுப் பதிலை அப்புறம் தேடுகிறார்கள். முதல் இதழ்கள் பலவும் ஒன்றுபோலவே தெரிவதற்கு அதுதான் காரணம்.

ஹீப்: முதல் பூதம்

எழுத்தில் இதன் மூலக்கதை 1940 ஆகஸ்டில் 'அன்னோன்' என்ற இதழில் தியடோர் ஸ்டர்ஜன் எழுதிய சிறுகதை. காட்டுக்குள் கிடந்த ஒரு எலும்புக்கூட்டின் மேல் மக்கிய இலையும் பூஞ்சையும் படிந்து ஓர் உருவம் எழுந்துவருகிறது. அதற்கு வன்மம் கிடையாது, இரக்கமும் கிடையாது. எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பிய்த்துப் பார்க்கும் ஆர்வம் மட்டும் உண்டு.

காமிக்ஸில் முதலில் வந்தது 'ஹீப்'. ஹில்மன் பதிப்பகத்தின் 'ஏர் ஃபைட்டர்ஸ் காமிக்ஸ்' 3ஆம் இதழ், 1942 டிசம்பர். எழுத்து ஹாரி ஸ்டைன், ஓவியம் மோர்ட் லீவ். முதல் உலகப் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மன் விமானி ஒருவன் போலந்துச் சதுப்பில் விழுகிறான். சாக மறுக்கும் பிடிவாதம் சுற்றியிருந்த செடிகொடிகளோடு கலந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு குவியலாக எழுகிறான். வேறொரு வீரனின் கதைக்குள் ஒருமுறை தலைகாட்டிப் போக வந்த உருவம் இது. ஆனால் வாசகர்கள் விடவில்லை. 1946 முதல் 1953 வரை 'ஏர்பாய் காமிக்ஸ்' இதழில் அதற்கென்று தனித் தொடரே ஓடியது.

ஹீப்பை உற்றுக் கவனித்தால் இந்த வகையின் இலக்கணம் முழுவதும் அங்கேயே கிடைக்கிறது. அதற்கு வாய் இல்லை. முகத்தின் நடுவே வேர்போல ஒரு மூக்கு தொங்குகிறது. பேசாது. சொந்தப் பெயர்கூட நினைவில் இல்லை. ஆனால் பின்னாளில் வந்த கதைகளில், ஒரு சிறுவன் கையில் வைத்திருக்கும் மாதிரி விமானத்தைப் பார்த்ததும் அதற்குள் ஏதோ அசைகிறது. விமானி செத்துப்போனான், விமானம் மட்டும் மிச்சமிருக்கிறது. ஒரே ஒரு பொருள் வழியாக மனித மிச்சத்தைக் காட்டும் இந்த உத்தியைவிடச் சிக்கனமான வழி பிறகு வந்த எவருக்கும் அகப்படவில்லை என்றே சொல்வேன். ஊமைப் பூதத்தை எழுதுகிறவர் முதல் வேலையாக இப்படி ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

தணிக்கையும் 1971உம்

1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட 'காமிக்ஸ் கோட்' என்ற தணிக்கை விதிகள் திகில் இதழ்களின் கழுத்தை நெரித்தன. தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் கூடாது. இரத்தக்காட்டேரி, ஓநாய்மனிதன், பிணந்தின்னி, நடமாடும் பிணம் எதுவும் கூடாது. 1971இல் விதிகள் தளர்ந்தபோது காட்டேரிக்கும் ஓநாய்மனிதனுக்கும் கதவு திறந்தது, சோம்பிக்குத் திறக்கவில்லை. இந்த இடைவெளியில் சேற்றுப் பூதத்துக்கு ஒரு வசதி இருந்தது. செத்தவன் எழுந்து நடக்கிறான்தான், ஆனால் பார்த்தால் செடி. தடைப் பட்டியலில் செடி இல்லை.

அந்த ஒரே ஆண்டில் மூன்று பூதங்கள் எழுந்தன. மார்வெலின் 'மேன்-திங்' 1971 மே தேதியிட்ட 'சாவேஜ் டேல்ஸ்' முதல் இதழில் வந்தது. அது கருப்பு-வெள்ளைப் பத்திரிகை. பத்திரிகை அளவில் வந்த இதழ்கள் காமிக்ஸ் கோடுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. டிசியின் 'ஸ்வாம்ப் திங்' 1971 ஜூலை தேதியிட்ட 'ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்' 92ஆம் இதழில் 8 பக்கச் சிறுகதையாக வந்தது. எழுத்து லென் வெய்ன், ஓவியம் பெர்னி ரைட்சன். மேன்-திங் கதையை எழுதிய ஜெரி கான்வேயும் வெய்னும் அப்போது ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். மூன்றாவதாக, ஸ்கைவால்ட் என்ற சிறு பதிப்பகம் ஹீப்பின் பெயரை எடுத்துப் புதிய பின்கதையோடு தன் கருப்பு-வெள்ளை இதழில் இறக்கியது. ஒரே நேரத்தில் மூன்று பேர் ஒரே சேற்றில் இறங்கியும் பெரிய வழக்கு எதுவும் எழவில்லை. எல்லோரும் ஹீப்பிடமும் 1940ஆம் ஆண்டுச் சிறுகதையிடமும் கடன்பட்டவர்கள்தானே.

மூன்று பதில்கள்

மேலே சொன்ன கேள்விக்கு இதுவரை வந்த கதைகள் அனைத்தும் ஏறக்குறைய மூன்று பதில்களில் அடங்கும்.

முதல் பதில்: உள்ளே மனிதன் இருக்கிறான். உடல் மட்டும் மாறிவிட்டது, மனம் பழையது. 1971இன் ஸ்வாம்ப் திங் சிறுகதை இப்படிப்பட்டது. கணவன் பூதமாகத் திரும்பி வந்து மனைவியைக் காப்பாற்றுகிறான். ஆனால் பேச வாய் வரவில்லை, அவளோ அலறி ஒதுங்குகிறாள். இந்தப் பதிலின் பலம் துயரம். நீண்ட தொடருக்குப் போனால் அதுவே பலவீனமாகிவிடும். மனிதன் உள்ளே இருக்கிறான் என்றால் வாசகர் 'எப்போது பழையபடி ஆவான்' என்று காத்திருப்பார். ஆகிவிட்டால் கதை முடிந்துபோகும், ஆகாமலே இழுத்தால் சலித்துப்போகும்.

இரண்டாவது: உள்ளே யாரும் இல்லை. மேன்-திங்குக்கு யோசனை கிடையாது. சுற்றியிருப்பவர்களின் உணர்ச்சி மட்டும் அதற்குள் இறங்கும். பயம் அதை வதைக்கும், பயப்படுகிறவனை அதன் தொடுகை எரிக்கும். பூதம் எதையும் விரும்பாததால் கதையை அது நகர்த்த முடியாது. எனவே சதுப்புக்கு வந்து சேரும் மனிதர்கள்தான் கதையை நகர்த்த வேண்டும். மேன்-திங் கதைகளை எழுதிய ஸ்டீவ் கெர்பர் 1970களில் இதையே வசதியாக்கிக்கொண்டார். பூதம் சாட்சியாக நிற்க, ஒவ்வொரு இதழிலும் வேறு வேறு மனிதர்களின் சிக்கல் அதன் முன்னால் வெடித்தது. ஒவ்வோர் இதழும் தனிக்கதையாக இருக்க வேண்டும், அடுத்த இதழ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்ற நிலையிலிருக்கும் சுயாதீனப் படைப்பாளிக்கு மூன்றில் மிக உகந்தது இதுதான்.

மூன்றாவது: உள்ளே இருப்பது மனிதன் இல்லை, தன்னை மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கும் தாவரம். 1984இன் தொடக்கத்தில் ஆலன் மூர் எழுத, ஸ்டீவ் பிஸ்ஸெட்டும் ஜான் டாட்டில்பென்னும் வரைந்த ஸ்வாம்ப் திங் 21ஆம் இதழ் இதைச் செய்தது. பூதத்தை அறுத்துப் பார்க்கிறார்கள். நுரையீரல் மாதிரி ஒன்று இருக்கிறது, மூச்சு வாங்காது. இதயம் மாதிரி ஒன்று இருக்கிறது, இரத்தம் ஓட்டாது. செடி தன் நினைவிலிருந்து மனித உறுப்புகளைப் போலி செய்து வைத்திருக்கிறது. இதற்கு ஆதாரமாகக் கதை பிடித்துக்கொண்டது ஓர் உண்மையான ஆய்வு வரிசை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்கானெல், பழக்கப்படுத்திய தட்டைப்புழுக்களை நறுக்கி மற்றப் புழுக்களுக்கு உணவாகக் கொடுத்து, கற்றதும் கூடவே போய்ச் சேர்கிறதா என்று பார்த்தார். அந்த முடிவுகளைப் பிற ஆய்வாளர்களால் உறுதியாகத் திரும்பப் பெற முடியவில்லை. கதைக்கு அது தடையாகவும் இருக்கவில்லை. மனிதன் ஏற்கெனவே செத்துவிட்டான் என்று ஆனதும் 'பழையபடி ஆவானா' என்ற கேள்வி அடியோடு போய்விட்டது. தொடர் புதிதாக மூச்சு விட்டது.

நான்காவது பதில் கண்டுபிடிக்க இடம் இருக்கிறது. பல பேர் ஒரே சேற்றில் செத்திருந்தால்? ஒரே உடலில் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் இருந்தால்? எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே வரியில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்துக்கொண்டு பிறகு பென்சிலை எடுங்கள். ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்: விஞ்ஞானி, ஆய்வுக்கூடம், ரகசியத் திரவம், துரோகம், வெடிப்பு. பெரிய நிறுவனங்களின் இரண்டு பூதங்களுக்கும் இதே பின்கதை என்பதால் வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். மீனவன், சாலைப் பணியாளர், நில அளவையாளர், மரம் வெட்டுபவர் எல்லோரும் சதுப்பில் சாகக்கூடியவர்கள்தான்.

எந்தச் சதுப்பு?

இந்தப் பகுதியில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. 'சதுப்பு' என்றதும் எல்லோரும் தொங்கும் பாசி, வளைந்த மரம், முதலை என்று வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் சதுப்பு பல வகை. பூதத்தின் உடல் எப்படி இருக்க வேண்டும் என்பதையே அது முடிவு செய்யும்.

லூசியானாவில் இருப்பது மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும் சதுப்பு. சைப்ரஸ் மரத்தின் அடிப்பகுதி புடைத்து விரியும்; அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வேர்முண்டுகள் தண்ணீரிலிருந்து கூம்பாக எழும்பி நிற்கும். கிளைகளில் தொங்கும் சாம்பல் நிற 'ஸ்பானிஷ் மாஸ்' பாசியே அல்ல, அன்னாசி இனத்தைச் சேர்ந்த பூக்கும் செடி. மண்ணில் வேர்விடாமல் கிளையில் தொற்றிக்கொண்டு வாழும். ஆகவே அது பூதத்தின் தோளில் தொங்கலாம், பாதத்தில் முளைக்காது. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பெரும்பகுதி மரக்காடு இல்லை. திறந்த வெளியில் ரம்பப் பல் விளிம்புள்ள உயரமான கோரைப்புல், அதனடியே மெதுவாக ஓடும் ஆழமில்லாத தண்ணீர். அங்கே பூதத்துக்கு ஒளிய மரம் இல்லை. புல்லுக்கு மேல் தலை தெரியும். அந்தத் தலை மட்டும் நகர்ந்து வருவதே தனித் திகில்.

வட ஐரோப்பாவின் கரிமண் சதுப்பு, அதாவது பாதி மக்கிய தாவரம் அடுக்கடுக்காகப் படிந்த சதுப்பு, முற்றிலும் வேறு. அங்கே ஸ்பாக்னம் என்ற பாசி தண்ணீரை அமிலமாக்கிவிடும், ஆக்சிஜன் மிகக் குறைவு, குளிர். கிருமிகளால் வேலை செய்ய முடியாது. டென்மார்க்கில் 1950இல் கிடைத்த டோலுண்ட் மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய உடல். கன்னத்தில் முளைத்த தாடி ரோமம்கூட அழியாமல் இருந்தது. அதே அமிலம் எலும்பிலிருக்கும் கால்சியத்தைக் கரைத்துவிடும். சில உடல்களில் தோல் முழுசாக இருக்க, உள்ளே எலும்பு காணாமலே போயிருக்கிறது. வெப்பமான தெற்குச் சதுப்பில் இது தலைகீழ்: சதை சீக்கிரம் அழுகிவிடும், எலும்பு மிஞ்சும்.

ஓவியருக்கு இது பெரிய வசதி. லூசியானாப் பூதம் என்றால் எலும்புக்கூட்டின் மேல் செடி ஏறிய உருவம்: முட்டி தெரியும், விலா தெரியும், நடையில் மூட்டு மடங்கும். வட ஐரோப்பியப் பூதம் என்றால் எலும்பில்லாத, பதப்பட்ட தோல்: தொங்கும், மடியும், கதவிடுக்கில் நுழையும். ஒன்றை வரைய எடுத்துக்கொண்டு இன்னொன்றின் நடையைக் கொடுத்தால், ஏதோ சரியில்லை என்று வாசகருக்குத் தோன்றும், காரணம் சொல்லத் தெரியாது. கரிமண் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் படிகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். செத்து 25 ஆண்டு ஆன உடலின் மேல் அப்படிச் சேர்வது இரண்டு விரற்கடைகூட இருக்காது. ஆயிரம் ஆண்டு என்றால்தான் ஒரு மீட்டர்.

சதுப்பில் மக்கும் தாவரங்களிலிருந்து மீத்தேன் குமிழி குமிழியாக மேலே வரும். சதுப்பில் இரவில் தெரிவதாகச் சொல்லப்படும் வெளிச்சத்தை இந்த வாயுக்களோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்வதும் இதையே. பூதம் வருவதற்கு முன்னறிவிப்பாக இரண்டு கட்டம் (படச் சட்டம்) முன்னால் நான்கைந்து குமிழிகள் மட்டும் வரைந்தால் போதும். வேறு சத்தமே தேவைப்படாது.

பூதம் எதற்குப் பயப்படும் என்பதையும் சதுப்பே சொல்லும். தீ என்று எல்லோரும் எழுதுவார்கள், ஆனால் நனைந்த செடி சட்டென்று பற்றாது. உப்புநீர் நல்ல எதிரி. கடல்நீர் உள்ளே புகுந்த இடங்களில் லூசியானாவின் சைப்ரஸ் காடுகள் நின்றபடியே பட்டுப்போயிருக்கின்றன. களைக்கொல்லி, வறட்சி, உறைபனி எல்லாம் உண்டு. தண்ணீரை விட்டு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் போகலாம் என்று ஓர் எல்லை போட்டுக்கொண்டு அதை மீறாதீர்கள். எல்லையில்லாத பூதத்தால் பதற்றம் வராது.

வரையும்போது

சுயாதீன இதழ்களில் உள்பக்கங்கள் பெரும்பாலும் கருப்பு-வெள்ளை, காரணம் காசு. சேற்றுப் பூதத்துக்கு அது குறையே இல்லை. வழுவழுப்பான உடையணிந்த வீரனுக்கு வண்ணம் வேண்டும். பூதத்துக்கு மையும் இழைநயமும் போதும். ரைட்சனின் தூரிகைக் கோடுகளையும் டாட்டில்பென்னின் புள்ளிகளையும் கருப்பு-வெள்ளை மறுபதிப்பில் பார்த்தால் இது விளங்கும்.

ஆனால் அதே கருப்பு-வெள்ளையில்தான் இந்த வகைக்கே உரிய பெரிய விபத்தும் நடக்கிறது. பூதமும் செடி, பின்னணியும் செடி. இரண்டையும் ஒரே மாதிரிக் கோடுகளால் நிரப்பினால் பூதம் காணாமல் போய்விடும். இதைத் தடுக்க நான்கு வழிகள் உண்டு, ஒரே கட்டத்தில் குறைந்தது இரண்டைப் பயன்படுத்துங்கள். ஒன்று, கோட்டின் திசை: மரங்கள் செங்குத்து, தண்ணீர் கிடைமட்டம், பூதத்தின் கொடிகள் மட்டும் தசை ஓடும் போக்கில் சாய்ந்து வளைந்து போகட்டும். இரண்டு, எடை: பூதம் கனத்த கருப்பு என்றால் பின்னணி மெல்லிய கோடு, பின்னணி இருட்டு என்றால் பூதத்தின் ஓரம் வெளிச்சம். மூன்று, உருவத்தைச் சுற்றி 1 முதல் 2 மில்லிமீட்டர் வெற்று வெள்ளை விடுவது. நான்கு, வெறுமை: உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நுணுக்கம் வேண்டாம்; ஒரு பெரிய பரப்பை முழுக் கருப்பாகவும் இன்னொன்றை ஏறக்குறைய வெறுமையாகவும் விடுங்கள்.

வரிசை இப்படி இருந்தால் நல்லது. முதலில் 3 சென்டிமீட்டர் உயரத்தில் பத்துப் பன்னிரண்டு நிழலுருவங்கள், முழுக்கக் கருப்பு நிரப்பி. அந்த அளவிலேயே மனிதனிலிருந்தும் மரத்திலிருந்தும் வேறாகத் தெரியாத உருவத்தை எவ்வளவு கொடி வரைந்தாலும் காப்பாற்ற முடியாது. மனித உருவம் சுமார் ஏழரைத் தலை உயரம் என்றால், பூதத்தை ஐந்தரை, ஆறு தலைக்குக் குறைத்து, தலையைத் தோளுக்குக் கீழே இறக்கிவிடுங்கள். முன்கை முழங்கால் வரை நீளட்டும். கழுத்து போனாலே மனிதத்தன்மை பாதி போய்விடும். பிறகு மூன்று அடுக்காக ஏற்றுங்கள்: உள்ளே எலும்போ தோலோ, அதன் மேல் பருத்த வேர், கடைசியாகப் பாசி, இலை, காளான். கடைசி அடுக்கை முதலில் வரைந்தால் உருவம் வைக்கோல்போர் மாதிரி ஆகிவிடும். கையைத் தூக்கும்போது எங்கே மடங்குவது என்று உங்களுக்கே தெரியாது.

ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாக் கொடியையும் ஒரே இடத்தில் வரைய யாராலும் முடியாது, வேண்டியதும் இல்லை. மூன்று அடையாளங்களை மட்டும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்: இடத்தோளில் ஒடிந்த கிளை, வலப்பக்க விலாவில் தட்டுத் தட்டாக மரக்காளான், கழுத்தடியில் மாட்டிக்கிடக்கும் ஒரு பித்தான் என்பதுபோல. இந்த மூன்றும் மாறாதிருந்தால் மற்றதெல்லாம் மாறினாலும் வாசகர் கண்டுகொள்ளமாட்டார்.

கண்ணைத் தீர்மானிப்பது உங்கள் ஒருவரிப் பதில். உள்ளே மனிதன் என்றால் விழியும் இமையும் வேண்டும். பார்வை எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். யாரும் இல்லை என்றால் விழிமணி இல்லாத வெற்று வட்டம், அல்லது வெறும் குழி. தாவரம் என்றால் இரண்டு கண் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பேச்சும் அப்படித்தான். உள்ளே மனிதன் இருந்தும் வாயில்லை என்றால் அவன் எண்ணத்தைக் குறிப்புப் பெட்டியில் எழுதலாம். உள்ளே யாரும் இல்லாத பூதத்துக்கு எண்ணப் பெட்டி போட்டால் அந்தப் பாத்திரமே உடைந்துவிடும். வெளியிலிருந்து சொல்லும் கதைசொல்லியைத்தான் பயன்படுத்த வேண்டும். இந்தத் தவறு வியப்பூட்டும் அளவுக்கு அடிக்கடி நடக்கிறது.

பக்கக் கணக்கும் அச்சும்

முதல் முயற்சிக்கு 8 பக்கம் போதும்; ஸ்வாம்ப் திங்கே அந்த அளவில்தான் பிறந்தது. ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம், இரட்டைப்படை இடப்புறம். தாளைத் திருப்பியதும் முதலில் தெரிவது இடப்புறப் பக்கம். பூதத்தை முழுசாகக் காட்டும் கட்டத்தை 4ஆம் பக்கத்தின் தொடக்கத்திலோ 6ஆம் பக்கத்தின் தொடக்கத்திலோ வையுங்கள். 5ஆம் பக்கத்தில் வைத்தால், 4ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் பட்டுவிடும், திகில் வீண். உங்கள் கதை ஒரு தொகுப்பு இதழுக்குள் போகிறது என்றால் அது வலப்புறம் தொடங்குமா இடப்புறமா என்று தொகுப்பாசிரியரிடம் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். இடப்புறம் தொடங்கினால் இந்தக் கணக்கு மொத்தமாகத் தலைகீழாகும். தனி இதழ் என்றால் நடுவில் பின் அடிக்கும் கட்டுக்கு மொத்தப் பக்கம் 4இன் மடங்காக இருக்க வேண்டும்.

அமெரிக்க இதழ்களின் வழக்கமான அளவு ஏறக்குறைய 6.6 × 10.2 அங்குலம். மூலச் சித்திரம் 11 × 17 அங்குல அட்டையில், 10 × 15 அங்குலப் பரப்புக்குள் வரையப்படுகிறது. அச்சில் அது மூன்றில் இரண்டாகச் சுருங்கும். அட்டையில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் போட்ட கோடுகள் அச்சில் 0.2 ஆகும், மை உறிஞ்சும் மலிவுத் தாளில் மை பரவி அந்த இடைவெளியும் அடைத்துக்கொள்ளும். பாசிக்காக நாள் முழுக்கப் போட்ட நுண்கோடு எல்லாம் ஒரே கருப்புத் திட்டாகிவிடும். ஆகவே நெருக்கமாகப் போடும் கோடுகளுக்கு இடையே அட்டையில் அரை மில்லிமீட்டராவது இருக்கட்டும். கருப்பு நிரப்ப 2 அல்லது 3ஆம் எண் சேபிள் தூரிகை, சேற்றுத் தெறிப்புக்குப் பழைய பல்துலக்கி, ஈர மினுமினுப்புக்கு வெள்ளை குவாஷ் (அடியிலுள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) போதும். தெறிப்பை அடிக்கும் முன் சித்திரத்தில் பூதத்தின் முகத்தைக் காகிதத்தால் மூடிவையுங்கள். கண்ணில் விழுந்த ஒரு புள்ளி பூதத்தின் பார்வையையே மாற்றிவிடும்.

கோட்டுச் சித்திரத்தைக் குறைந்தது 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), கருப்பு வெள்ளை மட்டும் என்ற முறையில் ஸ்கேன் செய்ய வேண்டும். மையில் தண்ணீர் கலந்து சாம்பல் பூச்சு கொடுத்திருந்தால் அச்சு அளவில் 300 டிபிஐ, சாம்பல் முறை. புள்ளித் திரை (சாம்பல் நிறத்தைச் சிறு புள்ளிகளால் காட்டும் முறை) போட்ட சித்திரத்தை அதற்குப் பிறகு சிறிதாக்கவோ பெரிதாக்கவோ கூடாது. அலை அலையாக ஒரு கோலம் விழும்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியான படைப்புகளின் பதிப்புரிமையை 28ஆம் ஆண்டில் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காதவை பொதுவுடைமை ஆகிவிட்டன. அந்தக் காலத்துப் பல காமிக்ஸ்கள் இப்படி வெளியே வந்தவை. ஆனால் கதையின் பதிப்புரிமை வேறு, பெயரின் வணிகக்குறி வேறு. ஹீப்பை 1980களில் எக்லிப்ஸ் என்ற சுயாதீனப் பதிப்பகம் தன் 'ஏர்பாய்' தொடரில் திரும்ப எழுப்பியது. அந்த நிறுவனம் நொடித்தபின் 1996இல் அதன் உடைமைகளைக் காமிக்ஸ் படைப்பாளி டாட் மக்ஃபார்லேன் வாங்கினார், ஹீப் அவருடைய 'ஸ்பான்' தொடருக்குள் வந்தது. அதனால் பழைய இதழ் ஒன்று பொதுவுடைமை என்று தெரிந்தாலும் அதன் பெயரை உங்கள் இதழின் மேலட்டையில் போடாதீர்கள். சேற்றிலிருந்து எழும் மனிதன் என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை, அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 'திங்' என்று முடியும் பெயர், சிவந்த கண்ணோடு மூன்று தும்பிக்கை தொங்கும் முகம், விஞ்ஞானிப் பின்கதை மூன்றையும் விட்டுவிட்டால் சட்டச் சிக்கலுக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

அச்சகத்துக்கு முழு இதழையும் அனுப்பும் முன், பூதம் செடிகளுக்கு நடுவே நிற்கும் மிக நெரிசலான பக்கத்தை மட்டும் அதே தாளில் ஒரு மாதிரி அடித்துத் தரச் சொல்லுங்கள். கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு நொடிக்குள் பூதத்தின் தலை எங்கே என்று தெரியவில்லை என்றால் அந்தப் பக்கத்தின் பின்னணியில் பாதியை அழியுங்கள்.